கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே முதற்காசு

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் முதலிய இடங்களில் வீடு வாங்கி, அதன் நிலவறையை வாழ்வதற்கேற்ற இடமாக மாற்ற எண்ணியிருக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு,



கனடாவில் வீடு வாங்கிய நம்மவர் ஒருவரைச் சந்தித்தால், குசல விசாரணை முடிந்த கையோடு பேச்சு பெரும்பாலும் பேஸ்மென்றை நோக்கித் திரும்பிவிடுகிறது. வேலை முடிந்துவிட்டதா, எவ்வளவு செலவாயிற்று, யாரைக் கொண்டு செய்வித்தீர்கள் என்று கேட்கிறோம். தரைக்கு எந்தப் பலகை, கூரையில் எத்தனை விளக்கு, சுவருக்கு என்ன நிறம் என்றும் விஸ்தாரமாக விசாரிக்கிறோம். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அந்தத் தரைக்கு அடியிலிருந்து என்ன ஏறி வருகிறது என்று கேட்பவர் அரிது. அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்ட பிறகு, நீருக்கும் காற்றுக்கும் நெருப்புக்கும் உரிய ஏற்பாடுகளை மிஞ்சிய சில்லறையைக் கொண்டு செய்வதையோ, செய்யாமலே விட்டுவிடுவதையோ எத்தனையோ வீடுகளில் கண்டு வருந்தியவன் என்ற உரிமையில், செலவின் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நிலத்துக்குக் கீழே குடியிருப்பது நம் பரம்பரைக்குப் பழக்கமான காரியம் அன்று. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லை உடைத்துக் கீழே போனால் கிணற்று நீர்தான் கிடைக்கும். ஆகவே நம் முன்னோர் அத்திவாரத்தைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்தி, மாரிவெள்ளம் வாசற்படியைத் தாண்டாதபடி வீடு கட்டினார்கள். இங்கோ நிலைமை நேர்மாறானது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பருக்கும்போது தன் மேல் இருக்கும் கட்டடத்தையே தூக்கிவிடும் வல்லமை உடையது; ஆதலால் ரொறன்ரோவில் அத்திவாரம் உறைபனி எட்டாத ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 4 அடிக்குக் கீழே, நிற்கவேண்டியது நிர்ப்பந்தமாகிறது. அவ்வளவு ஆழம் எப்படியும் தோண்டவேண்டியிருக்க, இன்னும் சிறிது தோண்டி, அடுப்புக்கரியையும் சூடாக்கும் ஃபேர்னஸையும் வைக்க ஓர் அறை அமைத்துக்கொண்டார்கள் இந்நாட்டார். மனிதர் உறங்குவதற்கென்று அது பிறக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அங்கே ஒரு கட்டிலைப் போடுவதற்கு முன்னர் எவ்வளவு சிந்திக்கவேண்டும் என்பது தானே விளங்கும்.

ஆனால் அந்த அறைதான் நம் சமூகத்தை ஏந்திக்கொண்டது என்பதையும் நான் மறக்கவில்லை. இலங்கையில் தமிழருக்கெதிராக நடந்த 1983 ஆடிக் கலவரத்தின் பின் இந்த நகரத்துக்கு வந்திறங்கிய எத்தனையோ பேருக்கு, ஸ்காபரோவின் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டப்பட்ட பங்களா வீடுகளின் பக்கவாசலால் நேரே கீழிறங்கும் படிக்கட்டே கனடாவுக்குள் நுழையும் வாசலாக இருந்தது. அங்கே சமைத்தோம், ஊருக்குக் கடிதம் எழுதினோம், இரவு வேலை முடித்து வந்து பகலில் போர்வையால் சன்னலை மறைத்துக்கொண்டு உறங்கினோம். பின்னாளில் நம் பிள்ளைகள் மிருதங்கமும் பரதமும் தமிழெழுத்தும் பயின்றதும் பெரும்பாலும் யாரோ ஒரு புண்ணியவதியின் நிலவறையில்தான். இன்று ஊரிலிருந்து வரும் அம்மாவையும் அப்பாவையும், படிக்க வந்திருக்கும் மாணவனையும் அங்கேதான் இருத்துகிறோம். ஆகவே இது வெறும் கட்டட விஷயமன்று. நம்மை நம்பி உறங்குபவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றிய விஷயம்.

முதலில் நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். இதில் சற்று அதிகமாகவே தாமதிப்பேன். 2005 ஆகஸ்ட் 19ஆம் திகதி பெய்த மழையில் ரொறன்ரோவின் ஃபிஞ்ச் அவெனியூவில் ஒரு பகுதியே அறுந்து ஓடையில் விழுந்தது; ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலவறைகளில் நீர் புகுந்தது. 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அந்நிலையத்தில் 1954ஆம் ஆண்டின் ஹேசல் சூறாவளி ஏற்படுத்தியிருந்த ஒரு நாள் மழையளவை அது மிஞ்சியது, அதுவும் ஒரு மாலைப்பொழுதுக்குள். 2024 ஜூலை 16ஆம் திகதி அதே நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் பெய்தது. எப்போதோ ஒருமுறை வரும் அபூர்வம் என்று இவற்றை ஒதுக்கிவிட இனி நமக்கு நியாயமில்லை.

இத்தகைய நாட்களில் நீர் மூன்று வழிகளால் கீழே வருகிறது. கூரைநீரைக் கொண்டுவரும் குழாய் சுவரின் காலடியிலேயே கொட்டுமானால், அல்லது முற்றத்து மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்குமானால், அது அத்திவாரத்தின் வெடிப்புகளால் உட்புகும். இதற்குப் பரிகாரம் மிகவும் மலிவானது: முதல் 10 அடிக்குள் ஏறக்குறைய 6 அங்குலம் வெளிப்புறமாகச் சரியும்படி மண்ணை நிரப்பி, குழாயின் வாயைச் சுவரிலிருந்து தூரத்துக்கு நீட்டிவிடுங்கள். இரண்டாவது, அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் புதைத்திருக்கும் வடிகுழாய், வீப்பிங் ரைல் என்று வேலைக்காரர்கள் சொல்வது, பழைய வீடுகளில் களிமண்ணால் ஆனது; அது உடைந்தோ வேரடைத்தோ போனால் நிலத்தடி நீர் சுவரை அழுத்தும். மூன்றாவதுதான் மிக அருவருப்பானது. தெருச்சாக்கடை நிரம்பி வழியும்போது, அது உங்கள் வீட்டுத் தரைவடிகாலின் வழியாகவே திரும்பி மேலேறும். இதைத் தடுக்கும் பின்னோட்டத் தடை வால்வைத் தரையைக் கொத்தித்தான் பொருத்தவேண்டும். ஆதலால் பலகை பதித்தபின் அது ஞாபகம் வந்து பயனில்லை. இதற்கும், தரைக்குழியில் சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ மாநகராட்சி மானியம் தருகிறது. விண்ணப்பிக்கும் நிபந்தனைகளை வேலை தொடங்கும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். சம்ப் பம்ப் வைப்பவர்கள் அதற்கு மின்கலத் துணையும் வைக்கவேண்டும். பெருமழையும் மின்வெட்டும் பெரும்பாலும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன.

வெள்ளம் ஒரு நாள் வந்து போவது. ஈரமோ தினந்தோறும் வருவது. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் கொங்கிறீற் மண்ணின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி உள்ளே விடுகிறது. சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருப்பதே அதற்குச் சாட்சி. அந்த உப்பைத் துடைத்துவிட்டு அதன்மேல் நீர்காப்புப் பூச்சு ஒன்றைப் பூசினால் காரியம் முடிந்தது என்று சொல்லும் ஒப்பந்தகாரரை நம்பாதீர்கள். நீர் வரும் வழி வெளியே இருக்க, மருந்தை உள்ளே பூசி என்ன பிரயோஜனம்? ஒரு சதுர பிளாஸ்ரிக் தாளைச் சுவரிலும் தரையிலும் நாற்புறமும் ஒட்டிச் சில நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்புறம் நீர்த்துளி நின்றால் அது மண்ணிலிருந்து வரும் ஈரம். முன்புறம் நின்றால் அது அறைக்காற்றிலிருந்து படிந்த ஈரம். இரண்டுக்கும் பரிகாரம் வேறு வேறு.

அறைக்காற்றிலிருந்து படியும் ஈரத்தைப் பற்றி நம்மவரிடையே ஒரு தவறான அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. கோடை வந்ததும், நிலவறை காயட்டும் என்று சன்னல்களையெல்லாம் திறந்துவிடுகிறோம். ஊரில் அது சரியான காரியந்தான். இங்கே ஆடி மாதத்துக் காற்று நீராவியைச் சுமந்துகொண்டு கீழே இறங்கி, மண்ணின் குளிர்ச்சியால் இன்னும் சில்லிட்டிருக்கும் கொங்கிறீற்றைத் தொட்டதும் அங்கேயே வியர்த்துவிடுகிறது. காயவைக்க எண்ணி நனைத்துவிடுகிறோம். கோடைகாலத்தில் சன்னலை மூடி, டிஹியூமிடிஃபயரை ஓடவிட்டு, காற்றின் ஈரப்பதத்தை 50 வீதத்துக்கு மேல் போகாமல் வைத்திருப்பதே முறை. கீழே ஈர உடுப்புகளைக் கொடி கட்டி உலர்த்துவதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடவேண்டும்.

சுவர் எழுப்பும்போதும் இந்த நியாயமே ஆட்சி செய்கிறது. பஞ்சு இன்சுலேஷனைக் கொங்கிறீற்றோடு நேரே ஒட்டவைத்து, மேலே பிளாஸ்ரிக் தாளை இழுத்து மூடிவிட்டால், வீட்டின் சூடான காற்று எங்கேனும் ஓர் இடுக்கால் உட்புகுந்து குளிர்ந்த கொங்கிறீற்றில் படிந்து, அந்தப் பஞ்சுக்குள்ளேயே பூஞ்சணம் வளர்க்கும். வெளியே பார்க்கச் சுவர் புத்தம்புதிதாகத்தான் இருக்கும், மணம் மட்டும் மெல்ல எழும். ஆகையால் விறைப்பான நுரைப்பலகைகளை முதலில் கொங்கிறீற்றோடு இடைவெளியின்றி ஒட்டி, மூட்டுகளை நாடாவால் அடைத்து, அதற்கு முன்னால் மரச்சட்டம் நிறுத்துங்கள். மரத்தின் அடிச்சட்டம் வெறும் தரையைத் தொடாதபடி நடுவே மெல்லிய நுரைப்பட்டி இருக்கட்டும். ட்ரைவோல் தரையிலிருந்து அரை அங்குலம் மேலேயே நின்றுவிடட்டும். நுரைப்பலகை எரியக்கூடியது, அதை ஓரிடத்திலும் மூடாமல் விடலாகாது. தரைக்குக் கம்பளம் வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒருமுறை நனைந்த கம்பளம் மறுபடி சுத்தமாவதில்லை.

இனி, நம்மிடையே பேசப்படவே பேசப்படாத ஒன்று. பூமியில் எங்கும் சிறிதளவேனும் பரந்திருக்கும் யுரேனியம் சிதைவுற்றுக்கொண்டே வரும் வழியில் ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலெழ, அடித்தளம் மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. அப்போது தரைவெடிப்புகளாலும் வடிகாலாலும் சம்ப் குழியாலும் அந்த வாயு உள்ளே வந்து தங்குகிறது. புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடியாக நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாவது இதுவே என்று ஹெல்த் கனடா கூறுகிறது. இந்நாட்டில் அந்நோயால் நிகழும் மரணங்களுள் ஏறக்குறைய 16 வீதம் இதனால் என்பது அதன் மதிப்பீடு. ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டறியாத நம் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து, பனிக்கு அஞ்சி ஆறு மாதம் வெளியே போகாமல் கீழே உள்ள அறையிலேயே பகலும் இரவும் இருப்பவர்கள் அவர்களே.

கனடாவின் வழிகாட்டு எல்லை கனமீற்றருக்கு 200 பெக்கரல். அதாவது ஒரு கனமீற்றர் காற்றில் விநாடிதோறும் 200 ரேடான் அணுக்கள் சிதைவது. 2007 வரை அந்த எல்லை 800 ஆக இருந்தது என்பதிலிருந்தே, அறிவு வளர வளர அலட்சியத்துக்கு இடம் குறைந்து வந்திருப்பது தெரியும். அயல்வீட்டில் குறைவு என்பதால் உங்கள் வீட்டிலும் குறைவு என்று கொள்ளலாகாது. அடுத்தடுத்த வீடுகளுக்குள் பெரும் வித்தியாசம் இருப்பதுண்டு. சோதனைக் கருவி ஒன்றும் பெரிய விலையன்று. சன்னல்கள் மூடியிருக்கும் குளிர்காலத்தில், மக்கள் அதிக நேரம் புழங்கும் அறையில், குறைந்தது 3 மாதம் அதை வைத்திருக்கவேண்டும். அளவு மிகுந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை: தரையில் துளையிட்டு ஒரு குழாயை இறக்கி, சிறு விசிறியால் மண்ணுக்கடியில் உள்ள காற்றை இழுத்து வெளியே விட்டுவிடுவதே நிவாரணம். ஆனால் இதைத் தரைவேலைக்கு முன் செய்வதற்கும் பின் செய்வதற்கும் செலவிலும் அலங்கோலத்திலும் எவ்வளவு தூரம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது தேவையில்லை என்றாலும், அந்தக் குழாய்க்கு ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டுச் சுவர் எழுப்புங்கள்.

நம் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு வழக்கம் இருக்கிறது. மேல்வீட்டில் மணம் தங்கக்கூடாதென்று கீழே இரண்டாவது குசினி அமைத்து, மீன்பொரியலும் மிளகாய்த்தூளுக்குச் சரக்கு வறுத்தலும் அங்கே நடத்துகிறோம். அதைக் குறை சொல்லவில்லை. வீட்டில் வறுத்த தூளின் ருசிக்கு ஈடேது? ஆனால் அந்த நெடியை வெளியேற்றப் பலமான விசிறி வைத்துவிட்டு, உள்ளே வரவேண்டிய காற்றுக்கு வழி வைக்காமல் அறையை இறுக மூடிவிட்டால், அதே தளத்தில் நிற்கும் பழைய வகை வாயு நீர்ச்சூடாக்கியின் புகைபோக்கியால் மேலே போகவேண்டிய கழிவுவாயு திசைமாறிக் கீழே இழுபட்டு வரக்கூடும். அதில் இருக்கும் காபன் மொனொக்சைட்டும் நிறமற்றது, மணமற்றது. ரேடானைப் போல் வருஷக்கணக்கில் அன்று, ஒரே இரவில் உயிரை வாங்குவது. ஃபேர்னஸ் நிற்கும் அறையைச் சுற்றிப் பலகையடித்து அதன் மூச்சை அடைப்பதும் அதே ஆபத்தைத் தருவது. காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் புகை எச்சரிக்கைக் கருவியும் உறங்கும் அறைகளுக்கு அருகே இருக்கட்டும். புகைக்கருவிகள் ஒன்று ஒலித்தால் மேலும் கீழும் எல்லாம் ஒலிக்கும்படி இணைந்திருந்தால் இன்னும் நன்று.

தீப்பிடித்தால் வெளியே வருவது எப்படி? படிக்கட்டு ஒன்றே வழியென்றால், அந்தப் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியே செல்லும் கதவு இல்லையெனில், 0.35 சதுரமீற்றருக்குக் குறையாத திறப்பும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாத அளவும் உள்ள சன்னல் ஒன்றேனும், சாவியோ கருவியோ இன்றி உள்ளிருந்து திறக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோக் கட்டடவிதி. விதி தளத்துக்கு ஒன்று கேட்கிறது. நான் படுக்கையறைக்கு ஒன்று கேட்கிறேன். கொங்கிறீற்றை அறுத்துச் சன்னலைப் பெரிதாக்குவது செலவுள்ள வேலைதான். ஆனால் நள்ளிரவில் புகைக்குள் கண்விழிக்கும் ஓர் இளைஞனுக்கு அந்தச் சன்னல் என்ன என்பதை நினைத்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். திருடருக்கு அஞ்சிச் சன்னலுக்கு இரும்புக்கம்பி போட்டிருப்பவர்கள், உள்ளிருந்து திறக்க முடியாததாயின், அதை இன்றே கழற்றிவிடவேண்டும்.

வாடகைக்கு விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1994இல் ஒன்ராறியோ சட்டசபை ஒரு சட்டத்தின் மூலம் வீட்டுக்குள் இரண்டாம் குடியிருப்பை மாகாணமெங்கும் அனுமதித்தது. அடுத்து வந்த அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. 2022ஆம் ஆண்டின் சட்டமோ நகர்ப்புறக் குடியிருப்பு மனைகளில் மூன்று குடியிருப்புகள் வரை இடமளிக்கிறது. ஆகவே ஒளித்துச் செய்யவேண்டிய காலம் கடந்துவிட்டது. ஏற்கெனவே உள்ள வீட்டில் இரண்டாம் குடியிருப்பு அமைக்கக் கூரையுயரம் குறைந்தது 1.95 மீற்றர் வேண்டும், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே தீயைத் தடுத்து நிற்கும் தடுப்பு வேண்டும், பெர்மிற் வேண்டும். பெர்மிற் எடுத்தால் வரி ஏறும், காலம் தாழும் என்று பலர் தயங்குகிறார்கள். பெர்மிற் என்பது, மூடப்படப்போகும் சுவருக்குள் இருக்கும் வேலையை, உங்களிடம் பணம் வாங்காத ஒருவர் வந்து பார்ப்பதற்கான ஏற்பாடு. அதைவிட மலிவான காவல் வேறு எங்கே கிடைக்கும்? காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்டவர்கள், நஷ்டஈடு கேட்கும் நாளில்தான் அதன் விலையை அறிகிறார்கள்.

கூரை தாழ்ந்திருக்கிறதென்று தரையைத் தோண்ட நினைப்பவர்கள், அத்திவாரத்துக்கடியில் பகுதி பகுதியாகக் கொங்கிறீற் இட்டுச் செல்லும் அந்த வேலையைப் பொறியியலாளர் வரைபடமின்றித் தொடங்கவே கூடாது. ஐம்பதுகளின் வீடுகளில் 9 அங்குலச் சதுரத் தரை ஓடுகள் இருந்தால் அவற்றில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம், உடைக்குமுன் சோதிப்பியுங்கள். மின்வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்.

இவ்வளவும் ஆனபின் சௌகரியத்தைப் பற்றிப் பேசலாம். சூடான காற்று மேலே நிற்கும் இயல்புடையது. ஆகவே கூரையில் காற்றுத்துவாரம் வைத்துவிட்டுக் கால் சில்லிடுகிறதென்று முறையிடுவதில் பயனில்லை. திரும்பு காற்றை இழுக்கும் துவாரத்தைத் தரையருகே இறக்குங்கள். படிக்கட்டின் இருபுறமும் கைப்பிடி வையுங்கள். ஊரிலிருந்து வரும் முழங்கால்களுக்கு அது அலங்கார விளக்கைவிட அவசியம். நீர்மானி, பிரதான நீரடைப்பு, கழிவுக்குழாயின் துப்புரவு வாய் ஆகியவற்றை மூடிக் கட்டாமல் சிறு கதவு வையுங்கள். சன்னற்குழியின் சுவருக்கு வெள்ளை பூசினால் பகல்வெளிச்சம் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும்.

அவசரப்படவேண்டாம் என்பதுதான் என் கடைசி வேண்டுகோள். இந்த இலையுதிர்காலத்தில் வீடு வாங்கியிருப்பவர்கள், சன்னல்கள் மூடப்பட்டதும் ரேடான் கருவியை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பங்குனியில் பனி உருகி மண் ஊறும் நாட்களில் ஒவ்வொரு மூலையையும் விளக்கு பிடித்துப் பார்த்து, ஈரம் வந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் வெளியே மண்ணும் குழாயும், கோடையில் வால்வும் வடிகாலும், அதன்பின் சன்னலும் சுவரும். தரைப்பலகையின் நிறத்தைப் பற்றிய ஆலோசனையை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்
ஸ்காபரோவாசி ஒருவன்